மண்ணின் சான்றும் சொல்லின் சான்றும்: பழைய இரயில் நிலங்களில் மாசாய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஓர் அகப்பாடலை விளங்கிக்கொள்ள முற்படும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய வினா, இது எந்த நிலம், எந்தப் பொழுது என்பதே. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்டது இலக்கியப் பொருளன்று. முன்னர் இரயில்வேக்கு உரியதாயிருந்த நிலத்தின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மாசு தங்கியுள்ளதா என்பதை எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதே நம் பொருள். ஆயினும் அவ்வாய்வாளர் முதலில் கேட்பதும் ஏறத்தாழ அதே வினாவைத்தான்: இந்த நிலத்தில் எந்தக் காலத்தில் என்ன நடந்தது?

வேதியியலாரும் நிலவியலாரும் பேச வேண்டிய பொருளை மொழியியல் கற்றவர்கள் ஏன் பேச வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். விடை எளிது. மாசாய்வு துளையிடும் கருவியோடு தொடங்குவதில்லை, விசாரணையோடு தொடங்குகிறது. விசாரணை சொற்களின் வழியே நடைபெறுகிறது. மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் அச்சொற்களில் பெரும்பகுதி முதியோர் நாவில் தமிழாகவே இருக்கிறது. சொல் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டால் துளை தவறான இடத்தில் இறங்கும். ஆய்வறிக்கை தவறான விடையைத் தரும். இதுவே நாம் இங்கு விளக்க முற்படும் கருத்து.

மலாக்காவின் இரயில் நிலம்

தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை சென்ற கிளை இரயில் பாதை 1905ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பாதை, கித்தாத் தோட்டங்கள் பெருகிவந்த காலத்தில் நகரத்தையும் துறைமுகத்தையும் தீபகற்பத்தின் முதன்மைப் பாதையோடு இணைத்தது. பாதையின் ஆயுள் நாற்பது ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 415 கிலோமீட்டர் நீளமான அந்த மரண இரயில் பாதையின் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதை நம் மாணவர்கள் அறிவர். இரும்பும் மனிதரும் ஒரே திசையில் போயினர். இரும்பு திரும்பவில்லை, மனிதரிலும் பலர் திரும்பவில்லை.

போன பாதை விட்டுச்சென்றது நிலம். தண்டவாளம் இல்லாத மேட்டுப்பாதை எங்கும் ஒரே விதியைத்தான் சந்திக்கிறது: சில இடங்களில் ஒற்றையடித் தடமாகும், சில இடங்களில் சடக்காகும், சில இடங்களில் வீட்டுமனைக்கு அடியில் மறையும். முதன்மைப் பாதையோ இன்றும் மாநிலத்தின் வடபகுதியில் புலாவ் செபாங், தெபோங், பத்தாங் மலாக்கா வழியாகச் செல்கிறது. சிரம்பான்–கெமாஸ் இடையே மின்மய இரட்டைப்பாதை 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபோது அங்கும் பழைய நிலையங்களின் இடத்தைப் புதியவை பெற்றன. பாதையின் இருமருங்கிலும் இருந்த தோட்டங்கள் கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறின. பின்னர்ப் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் துண்டாடப்பட்டன. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளுள் சில இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தோட்டம் போன பின்னும் பெயர் நிற்கிறது. மண்ணில் இறங்கிய சில பொருள்களும் அவ்வாறே நிற்கும்.

இரயில் நிலத்தில் தங்குபவை

உலகெங்கும் பழைய இரயில் நிலங்களில் ஆய்வாளர் தேடும் பொருள்கள் பெரும்பாலும் ஒத்தவை. முதலாவது, நிலக்கரிச் சாம்பலும் கிட்டமும். மலாயா இரயில்வே நெடுங்காலம் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியை எரித்தது. எஞ்சின் கக்கிய சாம்பல், பள்ளம் நிரப்பவும் பாதை உயர்த்தவும் கைக்கெட்டிய பொருளாக இருந்தது. நிலக்கரியில் நுண்ணளவில் இருந்த ஈயம், ஆர்செனிக் போன்றவை சாம்பலில் செறிந்து நிற்கும். இரண்டாவது, எண்ணெய்: எஞ்சின் நின்ற இடம், எண்ணெய் நிரப்பிய இடம், பணிமனையின் கழுவுநீர் ஓடிய வாய்க்கால். மூன்றாவது, சிலிப்பர் கட்டைகளுக்கு ஏற்றப்பட்ட கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய். செங்கால் மரம் தன் வலிமையாலேயே நீடிக்கும். கெம்பாஸ் போன்ற மரங்களுக்குப் பாதுகாப்புப் பொருள் ஏற்றினால்தான் கறையானும் பூஞ்சையும் அண்டாது.

நான்காவது, புல் கொல்லி. பாதையில் புல் வளர்ந்தால் கட்டை உளுக்கும், சரளை இறுகும், சக்கரம் வழுக்கும். ஆகவே பல நாடுகளின் இரயில் துறைகள் ஆர்செனிக் கலந்த கரைசலைப் பாதை நெடுகத் தெளித்தன. மலாயாவின் கித்தாத் தோட்டங்களிலும் லாலாங் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட்டு என்னும் ஆர்செனிக் உப்பு பரவலாகப் பயன்பட்டது. 1960களில் பாராகுவாட் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பாராகுவாட்டுக்கும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மலேசியாவில் தடை விதிக்கப்பட்டது. எனவே இரயில் நிலத்தையும் அதை ஒட்டிய தோட்ட நிலத்தையும் பிரித்துவைத்து ஆராய்வது பயன் தராது. வேலியின் இருபுறமும் ஒரே வகைப் பொருள் விழுந்திருக்க இடமுண்டு.

இப்பொருள்கள் அனைத்தும் ஒரே அளவில் நீடிப்பன அல்ல. டீசலின் பெரும்பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைத்துவிடும். தாரின் கனமான பகுதிகள் மிக மெதுவாகவே சிதையும். ஈயமும் ஆர்செனிக்கும் தனிமங்கள். எந்த நுண்ணுயிராலும் அவற்றை வேறொன்றாக்க இயலாது. மழை அவற்றை இடம் மாற்றலாம். இல்லாமல் ஆக்க முடியாது. எண்பது ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பாதையில் எண்ணெயைத் தேடுவதைவிட உலோகங்களைத் தேடுவதே பொருத்தம் என்பது இதனால் விளங்கும்.

ஆய்வின் படிகள்

மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009ஆம் ஆண்டில் மாசுற்ற நிலங்களைப் பற்றி மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. எந்த அளவுக்கு மேல் ஒரு பொருள் மண்ணிலோ நீரிலோ இருந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பதை ஒன்று கூறுகிறது. நிலத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும் முறையை இரண்டாவதும், தூய்மையாக்கும் முறையை மூன்றாவதும் கூறுகின்றன. பிற நாடுகளிலும் வரிசை இதுவே.

முதற்படி ஆவண ஆய்வு. பழைய நிலப்படங்கள், கட்டடப் படங்கள், வான்படங்கள், நில அலுவலகப் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி, எங்கே நிலையம், எங்கே எண்ணெய்த் தொட்டி, எங்கே கிடங்கு என்று ஒரே படத்தில் குறிப்பர். அங்கு வேலை செய்தவர்களையும் அருகில் வாழ்ந்தவர்களையும் கண்டு வினவுவதும் இப்படியைச் சேர்ந்ததே. இரண்டாம் படி நிலத்தை நடந்து பார்த்தல். புல் முளைக்காத திட்டு, கறுத்த மண், எண்ணெய் வாடை, இயற்கைக்குப் பொருந்தாத மேடு ஆகியவை குறிக்கப்படும்.

இவ்விரண்டையும் கொண்டு ஆய்வாளர் ஒரு கருத்துப் படத்தை வரைவர். அதில் மூன்று உறுப்புகள் உண்டு: மாசு தோன்றிய இடம், அது செல்லும் வழி, அதைப் பெறும் உயிர். மூன்றும் தொடர்ந்தால்தான் ஊறு விளையும். ஊறு என்னும் சொல்லே இங்கு நமக்குத் துணை நிற்கிறது. ஊறுதல் என்றால் ஒரு நீர்மம் உள்ளே இறங்கித் தோய்தல். ஊறுகாயில் நாம் காண்பது அது. ஊறுதல் என்றால் உள்ளிருந்து சுரந்து வருதலுமாகும். கிணற்றில் காண்பது அது. பெயராக நின்றால் ஊறு என்பது தீங்கு. இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றா என்பது வேறு வினா. மாணவர் நினைவில் கொள்ள இவ்வரிசை போதும்: மேலே ஊற்றியது மண்ணில் ஊறும்; ஊறியது கிணற்றில் ஊறி வரும்; பருகுவோருக்கு ஊறாகும்.

மூன்றாம் படியில்தான் மண் தோண்டப்படுகிறது. சோதனைக் குழிகளிலும் துளைகளிலும் வெவ்வேறு ஆழங்களில் மாதிரிகள் எடுப்பர். மேல் மண்ணில் மட்டும் இருந்தால் தொடுதலாலும் புழுதியாலும் வரும் இடர். ஆழத்திலும் இருந்தால் நீருக்கு இடர். ஒவ்வொரு மாதிரியும் யாரால், எப்போது, எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பது எழுதப்பட வேண்டும். மாசு படாத அண்டை நிலத்திலிருந்தும் மாதிரி எடுப்பர். சில மண்ணில் இயற்கையாகவே ஆர்செனிக் இருக்கும் ஆதலின், இயல்பு நிலையை அறியாமல் மிகுதியைச் சொல்ல முடியாது.

நிலத்தடி நீருக்குக் கண்காணிப்புக் கிணறுகள் அமைப்பர். இவை குடிநீர்க் கிணறுகள் அல்ல. துளையினுள் இறக்கப்பட்ட மெல்லிய குழாய்கள். நீர்மட்டம் நிற்கும் ஆழத்தில் குழாயில் பிளவுகள் இருக்கும். சுற்றிலும் மணல் நிரப்பி, மேலே களிமண்ணால் அடைப்பர். குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். ஏன் மூன்று? ஒரு தளத்தின் சாய்வை அறிய மூன்று புள்ளிகள் தேவை என்பது கணிதம். ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தால் நிலத்தடி நீர் எத்திசையில் சாய்ந்து ஓடுகிறது என்று வரையலாம். அத்திசையில் யார் வீட்டுக் கிணறு இருக்கிறது என்பதே அடுத்த வினா. கணித ஆசிரியர்கள் இதைப் பலகையில் வரைந்து காட்டலாம்.

இறுதியில் ஆய்வுக்கூட முடிவுகளை வரையறுத்த அளவுகளோடு ஒப்பிடுவர். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இவ்வளவில் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தமிழில் நல்ல தண்ணீர் என்று நாம் சொல்வது உப்புக் கரிக்காத நீரை. அச்சொல் நாவை நம்பிப் பிறந்த சொல். ஆர்செனிக்கைப் பொறுத்தவரை நாவு சான்றாகாது.

மருந்து என்னும் சொல்

இனி நாம் முதற்படியில் கூறிய வினவுதலுக்குத் திரும்புவோம். ஆய்வாளர் ஒருவர் முதிய தோட்டத் தொழிலாளரிடம், இங்கே ஆர்செனிக் பயன்படுத்தினீர்களா என்று கேட்கிறார். இல்லை என்று விடை வருகிறது. அவ்விடை பொய்யன்று. அவர் வாழ்நாளில் அச்சொல்லைக் கேட்டதில்லை. தோட்டத்தில் அதற்குப் பெயர் மருந்து. மருந்தடித்தோம், மருந்து கலக்கினோம், மருந்து வேலைக்குப் போனோம் என்றுதான் அவர் சொல்வார். காய்ச்சலுக்கு டிரெசர் கொடுத்ததும் மருந்து; புல்லுக்கு அடித்ததும் மருந்து; சிலிப்பர் கட்டைக்கு ஏற்றியதும் மருந்து. நோய் தீர்ப்பதையும் உயிர் கொல்வதையும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கு தமிழ்நாட்டு வயல்களிலும் உண்டு.

இச்சொல் இருவகையில் தீங்கு செய்தது. அன்று, கையாண்டவருக்கு அதன் கொடுமையை மறைத்தது. மருந்து என்று பெயர் பெற்ற ஒன்றைக் கையுறையின்றித் தொட மனிதர் அஞ்சுவதில்லை. இன்று, ஆய்வாளரிடமிருந்து உண்மையை மறைக்கிறது. தமிழுக்கு வேறு சொல் இல்லாமலில்லை. சித்த மருத்துவ மரபு ஆர்செனிக் சார்ந்த கனிமங்களைப் பாடாணம் என்னும் வகையில் வைத்தது. அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே நஞ்சென்று தமிழர் அறிவர். ஆனால் தகரக் கொள்கலனில் வந்த வெள்ளைக்காரத் துரையின் சரக்குக்கு அப்பெயர் சூட்டப்படவில்லை.

ஆகவே கேட்கும் முறை மாற வேண்டும். புல்லுக்கு மருந்து எங்கே கலக்கினீர்கள்? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? காலி டின்களை என்ன செய்தார்கள்? தோம்பை எங்கே கழுவினீர்கள்? மருந்து வைத்திருந்த கொட்டகைக்கு யார் பொறுப்பு? இவ்வினாக்களுக்குத் துல்லியமான விடைகள் கிடைக்கும். மாசாய்வில் இவை மிக முக்கியம். தெளித்த நிலத்தில் மருந்து நீர்த்துப் பரந்திருக்கும். கலக்கிய இடத்திலோ செறிவாகச் சிந்தியிருக்கும். கலக்க நீர் வேண்டும் ஆதலின் அவ்விடம் பெரும்பாலும் கிணற்றுக்கோ ஓடைக்கோ அருகில் இருக்கும். நிலப்படத்தில் இல்லாத அந்தப் புள்ளி மனித நினைவில் மட்டுமே இருக்கிறது.

மிதப்பதும் மூழ்குவதும்

அடுத்த சொல், கறுப்பெண்ணெய். இரயில்வேயில் வேலை செய்தவர் இங்கே கறுப்பெண்ணெய் ஊற்றுவார்கள் என்று சொன்னால் ஆய்வாளர் உடனே எழுதிக்கொண்டு அகலக் கூடாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயும் கறுப்பு. கொதிகலனுக்கு எரித்த எண்ணெயும் கறுப்பு. கட்டைக்கு ஏற்றிய கிரியோசோட்டும் கறுப்பு. நாவுக்கு இவை ஒன்று. நிலத்தடிக்கு வேறு வேறு. எஞ்சின் எண்ணெயும் டீசலும் நீரைவிட இலேசானவை. அவை மண்ணில் இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கிரியோசோட்டு நீரைவிடக் கனமானது. அது நீரையும் கடந்து, நீர் புகாத களிமண் அடுக்கை எட்டும்வரை மூழ்கிச் செல்லும். பின்னர் அவ்வடுக்கின் சாய்வில் பரவும். முன்னதைத் தேடுவோர் கண்காணிப்புக் குழாயின் பிளவுகளை நீர்மட்டத்தில் வைக்க வேண்டும். பின்னதைத் தேடுவோர் அடியில் வைக்க வேண்டும். தவறான ஆழத்தில் வைத்த குழாய் தூய நீரையே காட்டும். அறிக்கையும் தூயதென்றே சொல்லும். ஒரு பெயரடையின் மயக்கம் ஒரு குடியிருப்பின் நலத்தைத் தீர்மானிப்பது இவ்வாறுதான். அந்த எண்ணெய் எதற்குப் பயன்பட்டது, தொட்டால் பிசுபிசுத்ததா, தோலில் எரிந்ததா, தார் வாடையா பெட்ரோல் வாடையா என்று கேட்டால் மயக்கம் தீரும்.

இதன் கனத்தை உணர ஒரு நிகழ்வைச் சுட்டலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1911 முதல் 1984 வரை ஓர் இரயில் நிறுவனத்தின் ஆலை சிலிப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட்டு ஏற்றிவந்தது. அருகே கறுப்பின மக்கள் வாழும் ஐந்தாம் வட்டாரம் இருந்தது. கிரியோசோட்டு மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்து வீடுகளின் அடிவரை சென்றது. ஆலை மூடப்பட்டு 35 ஆண்டுகள் கழித்து, 2019இல், அப்பகுதியில் சில வகைப் புற்றுநோய்கள் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட மிகுந்திருப்பதை மாநிலச் சுகாதாரத் துறை கண்டது. அத்தகைய கணக்கெடுப்பு மிகுதியைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. எனினும் குடியிருந்தோர் நெடுநாளாகச் சொல்லிவந்ததைச் செவிமடுக்க அது வழி திறந்தது. மூடிய ஆலையோடு கதை முடிவதில்லை என்பதே இதன் பாடம்.

கட்டை, காலம், ஊர்ப்பெயர்

மலேசியத் தமிழில் கட்டை என்பது மைல் கல். மூன்றாங்கட்டை என்று முதியவர் சொன்னால் நகரிலிருந்து மூன்று மைல், அதாவது 4.8 கிலோமீட்டர். மெட்ரிக் அளவையில் வளர்ந்த இளம் ஆய்வாளர் அதை மூன்று கிலோமீட்டர் என்று கொண்டால் 1.8 கிலோமீட்டர் தள்ளிப்போய்த் தோண்டுவார். சிலிப்பர் கட்டையிலுள்ள கட்டையும் இதுவன்று. ஒரே உரையாடலில் இரண்டும் வரலாம்.

காலத்துக்கும் அவ்வாறே அகராதி வேண்டும். துரை காலம், ஜப்பான்காரன் காலம், அவசரகாலம், மெர்டேக்காவுக்குப் பின் என்று முதியோர் காலத்தைப் பகுக்கின்றனர். ஜப்பான்காரன் காலம் 1942 முதல் 1945 வரை. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. இவ்வெல்லைகளை அறிந்தவருக்கு, அவசரகாலத்தில் மருந்தடித்தோம் என்னும் தொடர் பாராகுவாட் வருவதற்கு முந்திய காலத்தைச் சுட்டும். ஆர்செனிக்கைச் சோதிக்க வேண்டும் என்று அறிவிக்கும். அகப்பாடலில் பொழுதறிந்து பொருள் கொள்வதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை.

ஊர்ப்பெயர்களோ இயல்பு நிலைக்குச் சான்றாகும். மலாக்காவில் ஆயர் கெரோ என்றால் கலங்கல் நீர். ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர். ஆயர் மோலேக் என்றால் அழகிய நீர். இப்பெயர்களைச் சூட்டிய மலாய் மக்கள் தம் கண்ணால் கண்ட நீரையே பெயராக்கினர். ஒரு நீர் தொன்றுதொட்டே கலங்கியிருந்தது என்று பெயர் சொல்லும்போது, இன்றைய கலங்கலை மட்டும் கொண்டு மாசென்று முடிவு கட்டுவது பிழை. அதுபோன்றே, தெளிவை மட்டும் கொண்டு தூய்மை என்று முடிவு கட்டுவதும் பிழை.

மாசுபட்டதும் மாசுபடுத்தியதும்

சொல்லின் பங்கு விசாரணையோடு முடிவதில்லை, அறிக்கையிலும் தொடர்கிறது. தமிழ் வினைகள் பல இணையாக வரும்: படு, படுத்து, திருந்து, திருத்து, உருள், உருட்டு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. நீர் மாசுபட்டது என்னும் தொடரில் நீர் மட்டுமே தோன்றுகிறது. நீரை மாசுபடுத்தினர் என்றால் செய்தவர் உண்டு. ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் தன்வினையிலேயே எழுதப்படுகின்றன. சான்று முழுமை பெறும்வரை அது நேர்மையான எச்சரிக்கை. சான்று கிடைத்த பின்னும் அதே வினையில் நிற்பது நேர்மையன்று.

தமிழர் வாழும் மண்ணிலேயே இதற்குச் சான்றுண்டு. அது இரயில் நிலத்தைப் பற்றியதன்று. ஆயினும் எண்ணெயும் கிணறும் சந்தித்த இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் அடுக்கில் தேங்கும் மழைநீரே குடிநீரும் பயிர்நீரும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் மிகுதி ஆதலின் மேலே சிந்தியது விரைந்து கீழே செல்லும். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. கண்ணும் மூக்கும் அறிந்த மாசு அது. ஆகவே மக்கள் குரலெழுப்ப முடிந்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சூழல் சட்டத்தின் அறியப்பட்ட கொள்கை. அக்கொள்கை பிறவினையில் மட்டுமே நிற்கும் என்பதை இலக்கணம் கற்போர் கவனிக்க வேண்டும். மாசுபட்டவரே செலவை ஏற்பது என்பதுதான் பெரும்பாலும் உலக நடைமுறை.

முடிவுகளை மக்களுக்கு அறிவிக்கும் மொழியும் எண்ணத்தக்கது. வங்காளதேசத்தில் ஆர்செனிக் சோதனைக்குப் பின் இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகளின் வாயில் வண்ணம் பூசப்பட்டது. சிவப்பு என்றால் பருகற்க. பச்சை என்றால் பருகலாம். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கியது. நம் வீடமைப்புப் பகுதிகளில் ஒரு நிலம் ஆராயப்பட்டால் அதன் சுருக்கம் மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளில், அளவையும் செயலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இவ்வளவு இருக்கிறது, இதற்கு வரம்பு இவ்வளவு, ஆகவே இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

மலாக்காவில் குழாய்நீர் வரும்போது கிணறு எதற்கு என்று கேட்கலாம். 1991ஆம் ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கல் அணை வறண்டு, மாநிலமே நீர்ப் பங்கீட்டுக்கு உள்ளானது. அத்தகைய நாளில்தான் மூடிக் கிடக்கும் கிணறு நினைவுக்கு வரும். புதிய மனையில் காய்கறி பயிரிடும் குடும்பத்துக்கும், மண்ணில் விளையாடும் குழந்தைக்கும் அடியிலுள்ள நிலத்தின் வரலாறு தேவை. மலாக்காவின் பழைய இரயில் தடமெல்லாம் நஞ்சென்று அஞ்சுவது அறிவாகாது. தோண்டுவதற்கு முன் கேட்டறிவதே அறிவு.

இப்பணியில் பள்ளிகளுக்கு இடமுண்டு. மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நினைவுப் படம் வரையலாம். பெரட்டுக்களம், லயம், ஆயக்கொட்டகை, ஸ்டோர், மருந்துக் கொட்டகை, கிணறு, இரயில் தடம் ஆகியவற்றை அதில் குறிக்கலாம். சொல்லை அவர்கள் சொன்ன வடிவிலேயே எழுத வேண்டும். இலக்கியத் தமிழாகத் திருத்தக் கூடாது. மருந்து என்றால் மருந்து என்றே எழுதி, எதற்கு அடித்த மருந்து என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். சொன்னவரின் வேலை, ஆண்டு, கட்டை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். மாணவர்கள் மண்ணைத் தோண்டவோ நீரைச் சுவைக்கவோ கூடாது. அது பயிற்சி பெற்றோர் பணி. படத்தின் ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். நிலம் கைமாறும்போதும் கட்டடம் எழும்போதும் அது ஊராட்சிக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் காட்டத்தக்க ஆவணமாகும்.

இதற்குக் காலம் குறைவு. 1960இல் பதினைந்து வயதில் மருந்து வேலைக்குப் போனவர் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார். மண்ணிலுள்ள ஆர்செனிக் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். அதை எங்கே கலக்கினார்கள் என்று அறிந்தவர் காத்திருக்க மாட்டார். ஆய்வுக்கூடம் எத்தனை நுட்பமாயினும், தனக்கு அனுப்பப்பட்ட மண்ணை மட்டுமே அது அளக்கும். எந்த இடத்து மண்ணை அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.